நின்ற இடமும் கண்ட காட்சியும்: பார்வை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் பரிசோதனை செய்து கண்ணாடிக்குப் பவர் எழுதிக் கொடுப்பது என் வேலை. எதிரே உட்கார்ந்து பலகையில் எழுத்துப் படிப்பவர்கள் கண்ணைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. வண்டி ஓட்டுவது, கிரிக்கெட், கடன், வீட்டுச் சண்டை என்று பேச்சு எங்கெங்கோ போகும். எல்லாம் சுற்றி வந்து பார்வையில்தான் நிற்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு நான் சொல்லும் பதில்களைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன்.

கண் நன்றாக இருந்தால் எதிரில் இருப்பது எல்லாம் தெரிந்துவிடும்தானே?

தெரியாது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளில் இடது பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதிலிருந்து வலது பக்கமாக 8 சென்டிமீட்டர் தள்ளி, மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். கையை நீட்டித் தாளைப் பிடித்து, மெல்ல முகத்தை நோக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி காணாமல் போய்விடும். இன்னும் கிட்டே கொண்டுவந்தால் திரும்ப வந்துவிடும்.

பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதனால் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. எல்லோருக்கும் உண்டு, அது நோயல்ல. சின்ன இடமும் அல்ல. வானத்தில் பத்து முழு நிலவை வரிசையாக வைத்தால் எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. புள்ளி மறைந்த இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை தெரிந்ததா? இல்லை, வெறும் வெள்ளைத் தாள்தான் தெரிந்தது. சுற்றியிருக்கும் வெள்ளையை இழுத்து மூளை அந்த இடத்தை மூடிவிடுகிறது. ஒன்று தெரியாமல் போகும்போது, அது தெரியவில்லை என்பதும் நமக்குத் தெரிவதில்லை. கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்தத் தாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குப் பார்வை குறைந்தால் பிள்ளையே சொல்லிவிடாதா?

பெரும்பாலும் சொல்லாது. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்திருந்தார். மார்க் குறைந்துவிட்டது, டிவி பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போய்விட்டாள் என்று வரும்போதே கோபம். பரிசோதித்தால் இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்றுக்கு மேல். சோதனைச் சட்டத்தில் லென்ஸைப் போட்டு, கடை வாசலில் நிற்க வைத்து வெளியே பார்க்கச் சொன்னேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேப்பமரம். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள். அப்புறம், "அம்மா, இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றாள்.

தூரத்து மரம் என்றால் பச்சையாக ஒரு குவியல், எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவள் நினைத்திருக்கிறாள். கரும்பலகையும் அப்படித்தான். பக்கத்து மாணவியின் நோட்டைப் பார்த்து எழுதியதற்கு வகுப்பில் திட்டும் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு இருக்கும் கண்கள் அவை மட்டும்தான். வேறொருவர் கண்ணால் ஒருமுறையாவது பார்த்திருந்தால்தானே குறை என்று தோன்றும்? அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் தலையைத் தடவியது இன்னும் என் நினைவில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு அந்தப் பிரச்சினை வராதே? நமக்குத்தான் எல்லாம் தெரியுமே?

வரும். நாற்பது வயதை ஒட்டி வரும் வெள்ளெழுத்தை எல்லோரும் கவனித்துவிடுகிறோம். செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கவலை தர வேண்டியது கிளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். அது பொதுவாக ஓரப் பார்வையைத்தான் முதலில் தின்னும். பெரும்பாலும் வலி இருக்காது. நேர்ப் பார்வை கூர்மையாகவே இருப்பதால் பலகையின் கடைசி வரி வரை படித்துவிடுவார்கள். நிலைப்படியில் தோள் இடிக்கிறது, பக்கத்தில் வந்த வண்டி திடீரென்று முளைத்த மாதிரி இருக்கிறது என்பார்கள். ஓரம் போய்விட்டது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம். நாற்பதுக்கு மேல் ஆனவர்கள் கண் மருத்துவரிடம் போய் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்தால் நாற்பது வரை காத்திருக்க வேண்டாம்.

லாரி டிரைவர் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு எல்லாம் தெரியாதா?

தொலைவில் இருப்பது நன்றாகத் தெரியும், அருகில் இருப்பதுதான் தெரியாது. தெரிந்த டிரைவர் ஒருவரின் லாரியில் ஏறி அவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முன்பக்க இடது டயரை ஒட்டி ஒரு சைக்கிள் நின்றிருந்தது. ஏறும்போது அதைச் சுற்றிக்கொண்டுதான் ஏறினேன். சீட்டிலிருந்து பார்த்தால் சைக்கிளும் இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் இல்லை. கதவின் விளிம்புக்குக் கீழே இருவரும் மறைந்துவிட்டார்கள். நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருவதால் இடது பக்கம்தான் அதிகம் மறையும். வண்டியின் மூக்குக்கு நேர் கீழேயும் அப்படியே. போதாததற்கு, பக்கக் கண்ணாடிகள் பல குவி ஆடிகள். பரப்பு அதிகம் தெரியும், ஆனால் அதில் தெரியும் வண்டி உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி இருப்பதுபோல் தோன்றும்.

பைக்கில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், உங்களையும் அவருக்குத் தெரியவில்லை. சிக்னலில் லாரிக்கு இடது பக்கமாகப் புகுந்து முன்னே போய் நிற்காதீர்கள்.

ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சம் என் மேலேயே விழுகிறது. அப்போதுகூட டிரைவருக்கு என்னைத் தெரியாதா?

இந்தத் தப்புக் கணக்கு ஆளையே கொன்றுவிடும். இருட்டில் நடப்பவருக்கு வண்டியின் விளக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. "எனக்கு அவனைத் தெரிகிறது, அப்போ அவனுக்கும் என்னைத் தெரியும்" என்று மனம் தானாக முடிவு செய்துகொள்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் காட்சி வேறு. எதிரே வரும் வண்டியின் ஹைபீம் கண்ணைக் கூசுகிறது, கறுப்புச் சட்டையும் நீல லுங்கியும் இருட்டோடு கலந்துவிடுகின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். உங்களைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் அந்த தூரம் போய்விடும். விடிகாலையில் நடைப்பயிற்சி போகிறவர்கள் வெளிர் நிறச் சட்டை போடுங்கள், கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். உங்களுக்கு வழி தெரிவதற்காக மட்டும் அல்ல, மற்றவர் கண்ணில் நீங்கள் படவும்தான்.

கிரிக்கெட்டில் டிவி பார்க்கும் எனக்கே தெரிகிற அவுட், மைதானத்தில் நிற்கும் அம்பயருக்குத் தெரியாமல் போவது எப்படி?

நீங்களும் அவரும் பார்ப்பது ஒரே காட்சி அல்ல. இரண்டு முனை ஸ்டம்புகளுக்கும் இடையே 22 கஜம், அதாவது 20 மீட்டருக்குச் சற்று அதிகம். டிவி கேமரா மைதானத்துக்கு வெளியே உயரத்தில் இருந்து தூரக் காட்சி லென்ஸில் அதைச் சுருக்கிக் காட்டுகிறது. பிட்ச் குட்டையாகத் தெரியும், வேகப்பந்தும் மெதுவாக வருவதுபோல் இருக்கும். கேமரா ஸ்டம்புகளின் நேர்கோட்டிலிருந்து கொஞ்சம் விலகி இருந்தாலும் போதும், பந்து காலில் படாமல் போயிருந்தால் ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று பார்க்கும் எல்பிடபிள்யூ விஷயத்தில் கண் ஏமாந்துவிடும்.

ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பவுலருக்குப் பின்னால் இடம் கிடைத்தால் பந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியும், எங்கே குத்தியது என்று சரியாகத் தெரியாது. பக்கவாட்டில் உட்கார்ந்தால் பந்து குத்திய இடம் தெளிவாக இருக்கும், திரும்பியதா என்று சொல்ல முடியாது. அதனால்தான் அம்பயர்களையும் இரண்டு இடத்தில் நிறுத்துகிறார்கள். பேட்ஸ்மேன் முனை ரன் அவுட்டை ஸ்கொயர் லெக்கில் நிற்பவர்தான் தீர்ப்பார். கிரீஸ் கோட்டை அதன் நேரே நின்று பார்ப்பவர் அவர். மூன்றாவது அம்பயர் டிவியில் பார்த்து அவுட் கொடுத்த முதல் பேட்ஸ்மேன் சச்சின் டெண்டுல்கர். 1992 நவம்பரில் டர்பன் டெஸ்ட்டில், ரன் அவுட். அங்கே தீர்ப்புக்கு உதவியதும் கோட்டின் நேரே நின்று எடுத்த படம்தான்.

உலக வரைபடம் பொய் சொல்கிறதா?

பொய் இல்லை. வேறு வேலைக்காகப் போட்ட படத்தை நாம் இந்த வேலைக்கு எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். சுவரில் மாட்டும் உலகப் படங்களில் பல, 1569இல் மெர்காட்டர் மாலுமிகளுக்காக வரைந்த முறையைப் பின்பற்றுபவை. திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் போனால் பாதை படத்தில் நேர்கோடாக விழும். அதற்கு விலையாக, துருவத்தை நெருங்க நெருங்க நிலங்கள் ஊதிப்போகும். கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவு தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைவிட 14 மடங்கு பெரியது. நம் இந்தியாவே 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து சுமார் 21.7 லட்சம்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு பூமி உருண்டை வாங்கி வையுங்கள்.

ஒரே பொருள் இரண்டு பேருக்கு இரண்டு விதமாகத் தெரிந்தால் ஒருவர் தப்பாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கும்பகோணத்தை ஒட்டிய தாராசுரத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில், 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஒரு சின்னச் சிற்பம். ஒரு யானையும் ஒரு காளையும் எதிரெதிரே நிற்கும், ஆனால் இரண்டுக்கும் சேர்த்துத் தலை ஒன்றுதான். ஒரு பக்க உடலை உள்ளங்கையால் மறைத்தால் தலை யானையுடையது. கையை அடுத்த பக்கம் மாற்றினால் அதே தலை காளையுடையது. மறைக்காமல் பார்த்தால் கண் அங்கும் இங்கும் தாவிக்கொண்டே இருக்கும். ஒரே நேரத்தில் இரண்டையும் பிடித்து வைக்க எனக்கு முடிந்ததில்லை.

அந்தச் சிற்பியை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை. தந்தம், காது, கொம்பு, துதிக்கை எல்லாம் எந்தக் கோட்டில் ஒன்றுக்கு ஒன்று உதவும் என்று அவர் கணக்குப் போட்டிருக்கிறார். யானையைப் பார்ப்பவன் கண்ணிலும் காளையைப் பார்ப்பவன் கண்ணிலும் மாறி மாறி நின்று பார்க்காமல் அந்த உளி ஒரு இம்மி நகர்ந்திருக்காது.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பமும் அப்படித்தான். ஒற்றைக் காலில் தவம் செய்பவரை அர்ச்சுனன் என்று ஒரு சாராரும், கங்கையைக் கொண்டுவரும் பகீரதன் என்று இன்னொரு சாராரும் சொல்கிறார்கள். அறிஞர்கள் நடுவிலேயே இன்னும் முடிவாகவில்லை.

சரி, அப்படியானால் உண்மை என்று ஒன்றே கிடையாதா? அவரவர் பார்வை அவரவருக்கா?

இதை நான் ஏற்பதே இல்லை. ரன் அவுட்டில் பேட் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதற்கு ஒரு விடைதான் உண்டு. எங்கே நின்று பார்த்தால் அது தெரியும் என்பதுதான் கேள்வி. 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். காலையிலோ மாலையிலோ பிராகாரத்தில் நின்று பாருங்கள், நிழல் தரையில் நீளமாகக் கிடக்கும். உச்சி வெயிலில் வந்து பார்த்தவர் சொன்னதை எல்லா நேரத்துக்கும் ஆக்கிவிட்டோம் போலிருக்கிறது. கோயிலின் பெருமைக்கு இந்தக் கதை தேவையும் இல்லை.

மீனவர்கள் இதை அழகாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கடலுக்கு அடியில் இருக்கும் பாரை, அதாவது மீன் சேரும் பாறைத் திட்டை, மேலிருந்து பார்க்க முடியாது. கரையில் ஒரு கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மலை உச்சியும் ஒரே கோட்டில் வரும் இடத்தை ஒரு குறியாக வைப்பார்கள். வேறு திசையில் ஒரு தேவாலயமும் தென்னந்தோப்பும் சேரும் கோடு இன்னொரு குறி. இரண்டு கோடும் சந்திக்கும் இடத்தில் வலை. ஜிபிஎஸ் கருவி வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே கடலில் இப்படி இடம் கண்டார்கள். ஒரே குறியை வைத்துக்கொண்டு யாரும் வலை இறக்குவதில்லை.

கடன் வாங்குவதில் பார்வைக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. "இரண்டு வட்டிதான்" என்று சொன்னால் காதுக்குச் சின்னதாக இருக்கும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம். ஃபிளாட் ரேட், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடும் முறை, இதைவிட மறைவானது. 1,20,000 ரூபாய் கடன், 12 சதவீதம் ஃபிளாட், ஒரு வருடம் என்று வையுங்கள். வட்டி 14,400, மாதத் தவணை 11,200. ஆறு மாதத்தில் அசலில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள், ஆனால் மொத்த 1,20,000க்கும் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது சுமார் 21.5 சதவீதம். தாளில் எழுதியிருக்கும் 12 என்ற எண்ணும் தப்பில்லை. கொடுப்பவர் இடத்திலிருந்து அழகாகத் தெரியும் எண் அது, அவ்வளவுதான். "குறையும் நிலுவைக்கு எத்தனை சதவீதம்?" என்று கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.

டாக்டர் சொல்வதைக் கேட்டு முடிவு எடுப்பதிலும் இப்படி உண்டா?

உண்டு. 1982இல் அமெரிக்காவில் அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளரும் அவருடன் சில மருத்துவர்களும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா கதிர்வீச்சா என்ற கேள்வி. அறுவை சிகிச்சையில் நூறு பேரில் 90 பேர் பிழைப்பார்கள் என்று சிலரிடம் சொன்னார்கள், 10 பேர் இறப்பார்கள் என்று வேறு சிலரிடம் சொன்னார்கள். கணக்கு ஒன்றேதான். ஆனால் இறப்பைச் சொல்லிக் கேட்டவர்களில் அறுவை சிகிச்சையைத் தேர்ந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். மருத்துவர்களிடம் கேட்டபோதும் அதே கதைதான். பெரிய சிகிச்சை என்றால், "எத்தனை பேருக்குச் சரியாகும், எத்தனை பேருக்கு ஆகாது" என்று இரண்டையும் கேட்டு, வீட்டுக்கு வந்து எழுதி வைத்து யோசியுங்கள்.

வீட்டில் "நான்தான் எல்லா வேலையும் செய்கிறேன்" என்று இருவரும் சொல்கிறோமே, யார் சொல்வது உண்மை?

1979இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் இதையே கேட்டார்கள். வீட்டுப் பொறுப்புகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலான ஜோடிகளில் இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் முழுப் பங்கைத் தாண்டிவிட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நான் பாத்திரம் தேய்த்தது என் கையில் இருக்கிறது. நான் தூங்கும்போது ஊறவைத்த உளுந்தும், நான் ஆபீசில் இருக்கும்போது கட்டிய கரண்ட் பில்லும் என் கண்ணில் பட்டதே இல்லை. வெள்ளைத் தாளில் புள்ளி மறைந்ததே, அதே மாதிரி. அடுத்தவர் வேலை காணாமல் போன இடம் காலியாகத் தெரியாது, "ஒன்றும் செய்யவில்லை" என்று தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு வாரம் வேலைகளை மாற்றிக்கொண்டோம். மளிகைப் பட்டியல் எழுதுவதற்குள்ளேயே எவ்வளவு யோசனை இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பருப்பு டப்பாவைத் திறந்து பார்க்காமல் அளவு சொல்ல என் மனைவிக்கு முடிகிறது, எனக்கு முடியவில்லை.

இடம் மாறி நின்று பாருங்கள் என்கிறீர்கள். எல்லோராலும் நினைத்த இடத்தில் நிற்க முடிகிறதா?

முடியவில்லை. நியாயமான கேள்வி இது. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்தில் திருப்புன்கூர் இருக்கிறது. சாதியின் பெயரால் கோயிலுக்குள் விடப்படாத நந்தனார் வெளியே நின்று இறைவனைக் காண ஏங்கியபோது, குறுக்கே இருந்த நந்தி விலகிக் காட்சி தந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. இன்றும் அங்கே நந்தி நேர்கோட்டில் இல்லை, சற்று ஒதுங்கியே இருக்கிறது.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது நந்தி விலகியதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. இப்போது மனதை அறுப்பது வேறு. கல் நந்தி விலகியது, வாசலில் நின்ற மனிதர்கள் விலகவில்லை. நந்தனாருக்குத் தரிசனம் கிடைத்த பிறகும் அவர் நின்ற இடம் வாசலுக்கு வெளியேதான். உள்ளே நின்றவர்கள் ஒருவரும் வெளியே வந்து, அங்கிருந்து எவ்வளவு தெரிகிறது என்று பார்த்ததாகக் கதையில் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர் வங்கி கவுண்டரின் மேல்பகுதியை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்குத் திருப்புன்கூர் நினைவுக்கு வருகிறது. அந்தக் கவுண்டரைக் கட்டியவர்களில் ஒருவராவது உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் சமையலறையில் முட்டி போட்டு உட்காருங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் ஒரு மீட்டர். அங்கிருந்து பார்த்தால் வாணலியில் கொதிக்கும் எண்ணெய் தெரியாது, மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடி மட்டும்தான் தெரியும். பிடித்து இழுக்க வாகாகவும் இருக்கும். கைப்பிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள்.

அப்புறம் கண் பரிசோதனை. பள்ளியில் சேர்க்கும் முன், மூன்று நான்கு வயதிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். எழுத்து தெரியாத பிள்ளைக்குப் படம் காட்டிச் சோதிக்கலாம். ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் மற்றக் கண்ணை வைத்தே பிள்ளை சமாளித்துக்கொள்ளும், வெளியே தெரியாது. அதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் நல்ல கண்ணை ஒட்டி மறைத்தும் கண்ணாடி போட்டும் பெரும்பாலும் சரிசெய்யலாம், தாமதமாக ஆகப் பலன் குறையும். வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை: விளையாட்டுப்போல ஒவ்வொரு கண்ணாக உங்கள் கையால் மூடுங்கள். ஒரு கண்ணை மூடும்போது சும்மா இருக்கும் பிள்ளை, இன்னொரு கண்ணை மூடும்போது மட்டும் உங்கள் கையைத் தட்டிவிட்டால், அந்த வாரமே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.